வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்தத் தனிப்பயிற்சி?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கைக்கு வரும் வாரத்தில் என் வீட்டு வாசலில் செருப்புகளின் எண்ணிக்கை கூடும். தஞ்சை மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் மட்டும் தனிப்பயிற்சி தருபவன் நான். அந்த வாரத்தில் என் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "மூணாவது படிக்கிறான் சார். கதை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்றான், கணக்கு மனசுலயே போடுறான். புத்தகத்தைப் பிரிச்சா மட்டும் முழிக்கிறான். இவனை எங்க அனுப்பலாம்?" அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இங்கே விடை தேடுகிறேன். தெருமுனை டியூஷன், அரசுத் திட்டங்களின் சிறு குழு வகுப்பு, பதிவு பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் தனியாகப் படிப்பது, முழுநேரப் பயிற்சி மையம், வீட்டில் பெற்றோரே சொல்லித்தருவது என்று ஐந்து வழிகள் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு முன்னால் இருக்கின்றன. இவற்றைக் கட்டணத்தை வைத்தோ, சொல்லித்தருபவரின் பெயரை வைத்தோ ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. நான் வைக்கும் அளவுகோல் வேறு: தவறைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க, தன் நிலைக்கு ஏற்ற வரிகளை, அந்தப் பிள்ளை தன் வாயால் வாரத்துக்கு எத்தனை நிமிடம் வாசிக்கிறது?

அதற்கும் முன்னால் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பெரிய காரணம் ஒன்றைக் கேட்க வந்தவர்களுக்குக் கண்ணாடிக் கடை சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே எழுதிப் பழகிய ஒரு சிறுமி, கண்ணாடி போட்ட பிறகு என்னிடம் வரவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அடிக்கடி காதில் சீழ் வைத்த பிள்ளைகளுக்கு மெல்லிய ஒலி வேறுபாடுகள் தவறிப்போகின்றன. தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இத்தகைய பரிசோதனைகளைச் செய்ய அரசு மருத்துவமனைகளில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கற்றல் குறைபாடும் கவனக்குறைபாடும் அத்திட்டத்தின் பட்டியலில் அடங்கும். அங்கே ஒரு நாளைச் செலவழித்துவிட்டு, பிறகு தனிப்பயிற்சியைத் தேடுவது நல்லது.

அடுத்தது ஒரு மாலை நேர வேலை. ஒரு வகுப்புக் கீழே உள்ள பாடநூலை எடுத்து, பிள்ளை முன்பு பார்க்காத ஒரு பக்கத்தை மூன்று நிமிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். திருத்த வேண்டாம், உதட்டைப் பிதுக்கவும் வேண்டாம். பிறகு பதிவைக் கேட்டு, அச்சில் என்ன இருந்தது, வாயிலிருந்து என்ன வந்தது என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். எங்கே அனுப்புவது என்பதற்கான விடையில் பாதி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

என்னிடம் வந்த சிறுவன் ஒருவன் "கொடி" என்ற சொல்லைக் "கெரடி" என்று வாசித்தான். வீட்டில் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அவன் செய்தது ஒழுங்கான வேலை. கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் "கெ" என்றான். அடுத்து நின்ற துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டான். அச்சில் அவ்விரண்டுக்கும் இடையே அடியில் ஒரு சிறு சாய்கோடு மட்டுமே வேறுபாடு. ஒகர, ஓகார வரிசைகளில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கும் என்பதை அவனுக்கு யாரும் நிறுத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே பக்கத்தை வாசித்த ஒரு சிறுமி "ம, ர, ம்" என்று ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொன்னாள். சேர்க்கும்போது "மனம்" என்றாள். மூன்று வரி தள்ளி அதே "மரம்" வந்தபோது முதன்முறை பார்ப்பவள் போல மீண்டும் எழுத்துக் கூட்டினாள். மூன்றாவது பிள்ளை தடையே இல்லாமல் வாசித்து முடித்தான். கொடி எங்கே ஏறியது என்று கேட்டபோது விழித்தான். மூவருக்கும் பள்ளி வைத்திருந்த பெயர் ஒன்றே: மெல்லக் கற்போர். மூவரையும் நான் மூன்று வேறு இடங்களுக்கு அனுப்புவேன்.

தாளில் எழுதும்போது தமிழுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் தேவை. "அவர்கள் வந்தார்கள்" என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை "அவங்க வந்தாங்க" என்று வாசித்தால் அதைத் தவறாகக் குறிக்காதீர்கள். பொருள் புரியாத பிள்ளையால் எழுத்து வழக்கைப் பேச்சு வழக்காக மாற்ற முடியாது. அது பிள்ளையின் பலம். அதேபோல எழுதும்போது வரும் ல, ள, ழ மயக்கமும் ந, ன, ண மயக்கமும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவருக்கும் உண்டு, நாளிதழ்களுக்கும் உண்டு. கவலைப்பட வேண்டிய தவறுகள் வேறு: "பட்டம்" என்பதைப் "படம்" என்று எழுதுவது, புள்ளியை வைக்க மறப்பது, நெடிலைக் குறிலாக்குவது. இவை சொல்லுக்குள் இருக்கும் ஒலியளவு காதில் பிடிபடவில்லை என்பதைக் காட்டுகின்றன. மூன்றாம் வகுப்பின் பாதியிலும் இவை நாள்தோறும் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பொதுவான டியூஷன் போதாது என்பது என் முடிவு.

தெருமுனை டியூஷனில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவது. அதில் ஒரு சிறுவன் தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். அவன் அம்மாவிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் மின்சாரம் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: வாய் நான்காவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில் நின்றது. படத்தைக் கையால் மூடியதும் வாசிப்பு நின்றுபோனது. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான். எட்டு மாதம் அவன் என் கூடத்தில் உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அன்றுதான் நிமிடக் கணக்கு போட்டேன். ஒன்றரை மணி நேரத்தைப் பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருக்கு ஏழரை நிமிடம்தான். வாரம் ஆறு நாளுக்கு 45 நிமிடம் என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டுப்பாடம் முடிப்பதிலும் கேள்வி பதில் பார்த்தெழுதுவதிலும் அதுவும் கரைந்துவிடும். மிஞ்சும் சில நிமிடங்களிலும் கையில் இருப்பது வகுப்புப் பாடநூல். அதாவது பிள்ளையின் நிலையைவிட இரண்டு படி மேலே உள்ள பக்கம். டியூஷன் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்த, ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமும் ஒழுங்கும் இல்லாத பிள்ளைக்கு அந்த ஏற்பாடு மிக நன்றாகப் பயன்படுகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கோ அது தெரியாமையை மறைக்கும் கலையைத்தான் கற்றுத்தருகிறது.

சிறு குழு வகுப்பின் தர்க்கம் வேறு. தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பின்படி பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையின்படி பிரித்துக் கற்பிக்கிறது. அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது விரிந்தது. இதற்கு முன்பே, 2021 அக்டோபரில், கொரோனாக் காலத்தில் விடுபட்ட கல்வியை ஈடுகட்ட விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, ஊர்த் திண்ணைகளிலும் கூடங்களிலும் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. இரண்டுக்கும் பொதுவான பலம், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம் என்பது. நான்கைந்து பேர் கொண்ட நிலைக்குழுவில் ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடமாவது கிடைக்கும். பொருத்தமான புத்தகத்தோடு கிடைக்கும். கொடியைக் கெரடி என்று வாசித்த சிறுவனுக்கு நான் பரிந்துரைத்தது இதையே. அவனுக்கு இருந்தது கற்பிக்கப்படாத ஓர் இடைவெளி. தெருவிலேயே இருந்த ஒரு தன்னார்வலர், பட்டப்படிப்பு முடித்த இளம்பெண், கொம்பும் காலும் இருபுறம் நிற்கும் சொற்களை மட்டும் அட்டைகளில் எழுதி, பத்தே நாளில் அதை அடைத்துவிட்டார்.

ஆனால் எழுத்துக் கூட்டியும் சேராத அந்தச் சிறுமியை அதே குழுவில் விட்டிருந்தால், மற்றவர்கள் அரும்பிலிருந்து மொட்டுக்கும் மொட்டிலிருந்து மலருக்கும் போக, அவள் புதிதாக வருகிற சின்னப் பிள்ளைகளோடு அரும்பிலேயே உட்கார்ந்திருப்பாள். நல்ல குழுவில் இரண்டு பருவம் இருந்தும் நகராத பிள்ளைக்குத் தேவைப்படுவது அதே பாடத்தின் இன்னொரு சுற்று அல்ல. கற்பிக்கும் முறையே மாற வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியரின் இடம் அங்கேதான் வருகிறது.

அவர் செய்வது என்ன என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் கட்டணத்துக்கு அர்த்தம் தெரியும். என் ஊருக்கு அடுத்த ஊரில் உள்ள ஒருவரிடம் அனுமதி கேட்டு ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் புத்தகமே இல்லை: "கமலா" என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன மிஞ்சும், "பட்டு" என்பதில் புள்ளி எழுத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று காதுக்கான விளையாட்டு. பிறகு ட, ப, ம ஆகிய மூன்றும் அவற்றின் புள்ளி எழுத்துகளும் மட்டும். அவற்றிலிருந்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் பிறந்தன. பரப்பிய தவிட்டில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அதன் பின் அந்த எழுத்துகளாலேயே ஆன நான்கு வரிகளை மூன்று முறை வாசிக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் சொல்வதெழுதுதல். அன்றைய வகுப்பில் பிள்ளையின் குரல் ஒலித்த நேரம் 25 நிமிடத்துக்குக் குறையாது. அடுத்த வகுப்பில் எதிலிருந்து தொடங்குவது என்பதைத் தவறுகளைப் பார்த்து அவர் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டார்.

கண், காது, வாய், விரல் நான்கையும் ஒரே எழுத்தின் மேல் குவிக்கும் இந்த முறைக்கு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் 1930-களில் வடிவம் கொடுத்தார்கள் என்பது பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். மணலில் விரலால் எழுதி உரக்கச் சொல்லிப் படித்த பிள்ளைகளைச் சென்னையில் பார்த்துத்தான், எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த வழக்கத்தையும், மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டு 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி அச்சிட்டார். பிரிட்டன் அதை மெட்ராஸ் முறை என்றே அழைத்தது. தவிட்டுத் தட்டைப் பார்த்து "இதுக்கா சார் இவ்வளவு ஃபீஸ்?" என்று கேட்கும் பெற்றோரிடம் இதை நான் சொல்வதுண்டு. அவர்கள் தட்டுக்குப் பணம் தரவில்லை, எழுத்துகளின் வரிசைக்குத் தருகிறார்கள்.

வரிசை என்றது ஏன் என்றால், தமிழ் எழுத்துகள் பிள்ளைக்குத் தரும் சுமை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. துணைக்காலைப் புரிந்துகொண்ட பிள்ளை ஆகார வரிசை பதினெட்டையும் வாசித்துவிடும். உகர, ஊகார வரிசைகளுக்கு அப்படிப் பொதுக்குறி கிடையாது. கு, து, பு, மு, ரு என்று ஒவ்வொன்றும் தனி வடிவம். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலிக்கும் வரிசைக்கு மாறாக எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. நம் எழுத்தைப் போலவே அமைந்த கன்னடத்தில், பெங்களூரில் இருந்து ஆய்வு செய்த சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துகளைக் கற்கும் வேலை நான்காம் வகுப்பு வரையிலும் நீள்வதைக் காட்டியது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, இரண்டாம் வகுப்பில் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரத்தைத் தமிழின் 247-க்குப் பொருத்தினால் சாதாரணப் பிள்ளையும் குறையுள்ளதாகத் தெரியும்.

சிறப்புக் கல்வி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கேட்டுவிடுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்பது ஒன்று. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இன்றி இத்தொழிலைச் செய்யக் கூடாது. தமிழில் வாசிப்பைக் கற்பித்த அனுபவம் உண்டா என்பது மற்றொன்று. நகரங்களில் பலர் ஆங்கிலப் பயிற்சி ஏடுகளை வைத்துக்கொண்டு தமிழ்வழிப் பிள்ளைக்கும் அதையே நடத்துகிறார்கள். "உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன்" என்று முதல் நாளே வகைபிரித்துச் சொல்பவரிடம் நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன். அந்த வகைபிரிவின்படி கற்பித்தால் கூடுதல் பயன் உண்டா என்பது குறித்த ஆய்வுகளை 2008-இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் தொகுத்துப் பார்த்து, போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். வண்ணக் கண்ணாடித் தாளை எழுத்தின் மேல் வைத்து வாசிக்கச் சொல்வதும் அதே ரகம். கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தை அணுகலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள் என்பதால் வாரத்துக்கு எத்தனை முறை வருவார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத்துச் சிக்கல் மட்டுமே தேவை அல்ல என்பதால் இங்கே சற்று விலகிச் சொல்கிறேன். கவனம் நிலைக்காத பிள்ளைக்கு வாரம் இரண்டு நீண்ட வகுப்பைவிடத் தினம் பதினைந்து நிமிடம் மேல். தடையின்றி வாசித்தும் பொருள் தெரியாத மூன்றாவது பிள்ளையைப் போன்றவர்களில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தருவது நேர விரயம், ஒவ்வொரு பத்தியையும் பேசிப் பேசிப் படிக்க ஒருவர் வேண்டும். நன்றாக வாசித்து, எழுதும்போது மட்டும் கை வலிக்கிறது என்று அழும் பிள்ளையை வாசிப்புப் பயிற்சிக்கு அனுப்பாமல் தொழில்முறைச் சிகிச்சையாளரிடம், அதாவது கைவிரல் இயக்கத்தைச் சீராக்குபவரிடம் காட்டுவதே முறை. அகலக் கோட்டு நோட்டும் குட்டைப் பென்சிலும் அவர்களுக்குப் பாதி வேலையைச் செய்துவிடும்.

முழுநேர மையத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நடத்தும் அனன்யா மையத்தைப் போன்ற இடங்களில், பிள்ளை வழக்கமான பள்ளியை விட்டுச் சில காலம் அங்கேயே படித்து, தேறியபின் பழைய பள்ளிக்குத் திரும்புகிறது. நிமிடக் கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சென்னைக்குள் இருப்பவர்களுக்கும், தனிப்பயிற்சியில் ஓராண்டு ஆகியும் நகராத பிள்ளைக்கும் இது யோசிக்கத் தக்கது. ஆனால் இதற்காகத் தஞ்சாவூரில் வேலையை விட்டுக் குடிபெயர்வது எல்லாக் குடும்பத்துக்கும் ஆகக்கூடியதில்லை. திரும்பி வரும் பள்ளி பிள்ளையை எப்படி ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

வீட்டு வாசிப்பைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தினம் பதினைந்து நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் 90 நிமிடம்; என் கணக்கில் டியூஷனின் இருமடங்கு. பெற்றோருக்குக் கற்பிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளையும் பெரியவரும் ஒரே வரியைச் சேர்ந்தாற்போல் உரக்க வாசிப்பார்கள். துணிச்சல் வந்ததும் பிள்ளை மேசையைத் தட்டும், பெரியவர் குரலை நிறுத்துவார். பிள்ளை தடுக்கினால் நான்கு நொடி பொறுத்துச் சொல்லைச் சொல்லிவிட்டு மீண்டும் சேர்ந்துகொள்வார். இணை வாசிப்பு என்று இதற்குப் பெயர். அருகில் ஒருவர் வழிகாட்ட வாய்விட்டு வாசிப்பது சரளத்தை வளர்க்கிறது என்பதை 2000-இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும் உறுதிசெய்தது. இதில் உள்ள ஆபத்து பெற்றோரின் கோபம். "நேத்துதானே சொன்னேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளை அடுத்த நாள் புத்தகத்தை ஒளித்துவைக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பொறுமை இல்லையென்றால் தாத்தாவிடமோ சித்தியிடமோ ஒப்படைத்துவிடுங்கள். என் பிள்ளைகளில் மிக வேகமாகத் தேறியவள், கண் மங்கிய பாட்டிக்குத் தினமும் நாளிதழ்த் தலைப்புகளை வாசித்துக் காட்டியவள். கைபேசிச் செயலிகளும் வீட்டு வாசிப்புக்குத் துணையாகலாம், வாசிப்பை ஒப்படைக்கும் இடமாக ஆகக் கூடாது. செயலி வாசித்துக் காட்டும்போது வாய் மூடியிருக்கும் பிள்ளைக்கு நிமிடக் கணக்கு பூஜ்யம்.

ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், எந்த மொழியில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்றால் தமிழில் தொடங்குங்கள் என்பேன், பள்ளி முதல்வர் முகம் சுளித்தாலும். காதுக்குப் பழகிய சொல்லை எழுத்துக் கூட்டினால் அது சேர்ந்த நொடியிலேயே பொருள் தட்டுப்படும். "மட்டம்" என்று முடித்த பிள்ளை தலைநிமிர்ந்து சிரிக்கும். வீட்டில் ஒலிக்காத ஆங்கிலச் சொல்லைச் சரியாகக் கூட்டினாலும் அது சரி என்று பிள்ளைக்குத் தெரியாது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடத் தமிழில் நேரானது. "எழுத்து என்பது ஒலியின் படம்" என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால் மறுமொழிக்கு அது பெரும்பாலும் உதவுகிறது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்பதால் இந்த உழைப்பு வீணாவதும் இல்லை. விதிவிலக்கு, தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ வீட்டில் பேசும் பிள்ளைகள். அவர்களுக்கு எந்த மொழி அதிகம் காதில் விழுகிறதோ அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சான்றிதழ் விஷயத்தில் அவசரமும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அட்டவணைப்படுத்திய 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இல்லை. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதையொட்டிக் கண்டறியும் பணியைத் தொடங்கச் சொல்லி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதியைக் குறிப்பிட்டன. ஆகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "டிஸ்லெக்சியா" என்று முத்திரை குத்தும் தனியார் சான்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவை, எட்டாம் வகுப்புக்குள் அதை முறைப்படி வாங்கிவைப்பது நல்லது. மொழிப்பாட விலக்கை மட்டும் நான் கடைசியாகவே கேட்கச் சொல்வேன். விலக்கு கிடைத்த வீட்டில் அந்த மொழியின் வாசிப்பும் அன்றோடு நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் வைத்து என் பரிந்துரை இதுதான். தவறுத் தாளில் இடைவெளிகள் மட்டும் தெரிந்தால், அருகில் உள்ள நிலைக்குழுவும் வீட்டு வாசிப்பும். எழுத்துகள் தெரிந்தும் சேராமல், சேர்ந்தாலும் நிலைக்காமல் இருந்தால், டியூஷனை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சிறப்புக் கல்வி ஆசிரியரின் வாரம் இரண்டு வகுப்புக்குத் திருப்புங்கள். பிள்ளையின் குரல் ஒலிக்கும் நேரம் 50 நிமிடம் அங்கே, 90 நிமிடம் வீட்டில். வீட்டுப்பாடம் முடியாமல் போனால் பள்ளியில் பேசிக்கொள்ளலாம். டியூஷனையும் வைத்துக்கொண்டு இதையும் சேர்த்தால், இரவு எட்டு மணிக்குத் தூங்கி விழும் பிள்ளைதான் மிஞ்சும். வாசித்தும் புரியாத பிள்ளைக்கு இவை எதுவும் வேண்டாம்; தினமும் ஒரு கதையைப் பேசிப் படிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் மருத்துவ ஆலோசனை வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நாள் பதிவை அழித்துவிடாதீர்கள். பன்னிரண்டு வாரம் கழித்து, அதே அளவு கடினமான வேறொரு பக்கத்தை அதே மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள். சொற்களை எண்ண வேண்டாம். தமிழில் "மடம்" என்பதும் ஒரு சொல், "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பதும் ஒரு சொல். எண்ணிக்கை ஏறியிருந்தால் அதே ஏற்பாடு தொடரட்டும். ஏறவில்லையென்றால் இரண்டு பதிவுகளையும் சொல்லித்தருபவரிடம் போட்டுக் காட்டி, எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்த அந்தச் சிறுவன் என் கூடத்தில் உட்கார்ந்திருந்த எட்டு மாதத்தில் அவன் அம்மா என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.